ரெஜின் அண்ணன் நடுவராகப் போன கதை

ரெஜின் அண்ணனுக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. அவருடைய அப்பா தரங்கம்பாடியில் தச்சு வேலை செய்தவர். காது கேளாத பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று யாரோ சொல்லி, வீட்டில் அதை நம்பி அனுப்புவதற்குள் பையனுக்குப் பத்து வயது ஆகிவிட்டது. அதுவரை அவரிடம் இருந்த ஒரே மொழி, அவரும் தங்கை அமலியும் சேர்ந்து உண்டாக்கிக்கொண்டது. அப்பா என்றால் இழைப்புளியைத் தள்ளுவதுபோல ஒரு கை. பொறையார் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்வது. போகிற வழியில் கருவாடு காயப்போட்டிருப்பார்கள். கண்ணுக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்தால், உன்னை வழி பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பொருள். அமலி பள்ளிக்கூடம் விட்டு வர நேரமானால் அவர் தெருமுனையில் நின்று அப்படித்தான் கோபித்துக்கொள்வாராம்.

பிறகு பள்ளிக்குப் போய் முறையான சைகை மொழி கற்றார். அதில்தான் என்னோடு பேசுவார். நான் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில் டீச்சர், பெயர் நூர்ஜஹான். பள்ளி ஆண்டு விழாவை வீடியோ எடுக்க வந்தவர் என்ற வகையில் பழக்கம். ஆனால் அந்தப் பழைய மொழியை அவர் எனக்குக் கற்றுத்தரவில்லை. அது அமலிக்கு மட்டும்.

அமலி நர்ஸுக்குப் படித்தார். குவைத்தில் சண்டை ஓய்ந்து ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுத்தபோது, தொண்ணூற்றிரண்டில், புறப்பட்டுப் போனார். அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் எந்தத் தெருவை எடுத்தாலும் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். கடைத்தெருவுக்கு நாலு எஸ்.டி.டி. பூத் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அப்பாவும் ரெஜின் அண்ணனும் பூத்துக்குப் போவார்கள். அப்பா பேசுவார், சிரிப்பார், ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொள்வார். வெளியே வந்ததும் மகனிடம் கையால் சொல்வது ஒன்றுதான்: நல்லா இருக்காளாம். இவ்வளவு நேரம் பேசியதில் எனக்கு இதுதானா என்று அவருக்கு இருக்கும்.

அப்போது அவர் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடுக்கும் வேலையில் இருந்தார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு அனுப்புவதற்காகவே கல்யாணத்தை வீடியோ எடுத்த காலம் அது. அவர் எடுத்த கேசட்டுகளில் கைகள்தான் அதிகம் என்று ஸ்டுடியோக்காரர் குறைப்பட்டுக்கொள்வாராம். மாப்பிள்ளை தாலி கட்டும்போது மாப்பிள்ளை முகத்தை விட்டுவிட்டுக் கையையே பிடித்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் ஸ்டுடியோ கேமராவை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்து தங்கையோடு பேசினார். குவைத்துக்குப் போகிற ஒருவரிடம் அந்தக் கேசட்டைக் கொடுத்து அனுப்பினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் கேசட் வந்தது. ஹாஸ்டல் கட்டிலில், நர்ஸ் உடுப்போடு, அமலி. வாயைத் திறக்காமல் முழுக்கக் கையால் பேசியிருந்தார். அதற்குப் பிறகு கேசட் வருகிற அன்று ரெஜின் அண்ணன் வேலைக்குப் போகமாட்டார். போட்டுப் பார்த்து, திருப்பி ஓட்டி, மறுபடி பார்த்து, சாயங்காலம் ஆகிவிடும்.

இப்படிப் பத்து வருஷத்துக்குமேல் ஓடியது. இடையில் அப்பா இறந்தார். அமலிக்கு அங்கேயே வேலை பார்த்த வேளாங்கண்ணிக்காரரோடு கல்யாணம் ஆகி, ஒரு பெண் பிறந்தது. கேசட் வருவது குறைந்தது. கடைசியாக வந்ததில் அமலி பாதி நேரம் வாயால் பேசிக்கொண்டிருந்தார். கை தடுமாறியது. அப்பாவின் கல்லறையைப் பற்றிக் கேட்டபோது, அப்பா என்பதற்கு ஊரில் எல்லாரும் செய்வதுபோல மீசையைத் தடவிக் காட்டினார்.

ரெஜின் அண்ணன் அதற்குப் பதில் அனுப்பவில்லை. அமலியிடமிருந்தும் வரவில்லை. மூன்று வருஷம் அப்படியே போயிற்று.

இரண்டாயிரத்து ஆறில் தஞ்சாவூரில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு அமைப்பு குறும்பட விழா நடத்தியது. எல்லாப் படமும் உடல் குறையோடு வாழ்கிறவர்களைப் பற்றியது. நடுவர்களும் அப்படிப்பட்டவர்களாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்து, மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். சென்னையிலிருந்து ஆவணப்படம் எடுக்கும் விஜயலட்சுமி அம்மா, சக்கர நாற்காலியில் வந்தார். திருவையாற்றிலிருந்து கண்ணுசாமி ஐயா, கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர், பார்வை இல்லாதவர். திரையில் என்ன நடக்கிறது என்று அவர் மனைவி காதருகே சொல்லிக்கொண்டே வருவார். மூன்றாவது ரெஜின் அண்ணன். அவருடைய கைப்பேச்சுக்கு வாய் நான்.

முதல் நாள் பார்த்ததில் பெரும்பாலும் சாதனைக் கதைகள். அதில் ஒரு படம் நன்றாகவே எடுக்கப்பட்டிருந்தது. கால் இல்லாத பையன் ஒருவன் கையால் ஊன்றி ஊன்றி மலைக்கோயில் படி முழுக்க ஏறுகிறான். முடிந்தபோது அரங்கில் மூக்கு உறிஞ்சும் சத்தம். நானும் முந்தானையால் துடைத்துக்கொண்டேன். ரெஜின் அண்ணன் சுற்றிலும் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார். வயலின் என்று சொன்னேன். வயலின் என்ன சொன்னது என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதை நான் வாயால் சொன்னதும் கண்ணுசாமி ஐயா சிரித்துவிட்டு, தானும் அந்த வயலினுக்குத்தான் அழுததாகச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் ஒரு படம் வந்தது. எடுத்தவர் தமிழரசன் என்று ஒரு இளைஞர். அதுதான் அவருக்கு முதல் படம். கேமரா ஆடியது, சில இடத்தில் வெளிச்சம் கண்ணைக் கூசியது. கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் கூலிக்குப் போகும் வள்ளியம்மை என்ற பெண்ணைப் பற்றிய படம். அவருடைய மகளுக்குக் காது கேட்காது. அந்தப் பெண் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். அம்மா தனியாக இருக்கிறார். காது கேட்காத பெண் படத்தில் ஒரு புகைப்படமாக மட்டும்தான் வருகிறாள்.

நடுவில் ஒரு காட்சி. வெயில் தாழ்ந்த நேரம். வள்ளியம்மை பாத்தியில் உப்பை வாரிக்கொண்டிருக்கிறார். பிறகு பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு நிமிர்கிறார். எதிரே யாரும் இல்லை. அவருடைய கைகள் பேச ஆரம்பிக்கின்றன. நிதானமாக, நிறுத்தி நிறுத்தி, நடுவில் ஒரு முறை தலையாட்டிக்கொண்டு. அரங்கில் காற்றின் சத்தம் மட்டும் கேட்கிறது.

கண்ணுசாமி ஐயா மனைவியிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். அந்த அம்மா சற்று யோசித்து, "கையை ஆட்டிக்கிட்டு நிக்கிறாங்க" என்றார். ஐயா விடவில்லை. ரெஜின் சாரைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

ரெஜின் அண்ணன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. படம் முடிந்து விளக்குப் போட்டதும் அந்தக் காட்சியை மறுபடி போடச் சொன்னார். போட்டார்கள். பிறகு அவர் கைகள் சொன்னதை நான் வாயால் சொன்னேன்: "இது அந்தம்மாவும் பொண்ணும் அவங்களே உண்டாக்கிக்கிட்ட மொழி. எனக்குத் தெரியாது. சாப்பிடுறதைப் பத்தி ஏதோ வருது. வர்றது, போறது வருது. மத்தது புரியல. ஆனா யாரோ கேட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி பேசுறாங்க. அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் வர்றதுக்கு நேரம் விட்டுப் பேசுறாங்க."

சாயங்காலம் மூன்று நடுவர்களும் தனி அறையில் உட்கார்ந்தார்கள். ரெஜின் அண்ணன் உப்பளப் படத்துக்கே முதல் பரிசு என்றார். ஏன் என்று விஜயலட்சுமி அம்மா கேட்டபோதுதான் அமலியைப் பற்றிச் சொன்னார். எனக்கே அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. சொல்லும்போது எனக்குத் தெரியாத சைகைகள் இடையிடையே வந்து விழுந்தன. நான் தடுமாறி நின்றபோது அவர் காத்திருந்து, வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்தார்.

கண்ணுசாமி ஐயா, "ரெஜின், நீங்க சொன்னது எனக்கு மனசுல பட்டுச்சு. ஆனா அந்தப் படத்துல எனக்குக் காத்து மட்டும்தான் கேட்டுச்சு. காத்தை வச்சு நான் எப்படி முதல் பரிசு குடுக்கறது?" என்றார். அதை நான் கையால் சொன்னதும் ரெஜின் அண்ணன் சிரித்துவிட்டார். வயலினுக்குத் தன்னால் பரிசு கொடுக்க முடியவில்லை, காற்றுக்கு ஐயாவால் முடியவில்லை, சரிதான் என்றார்.

விஜயலட்சுமி அம்மாவுக்கு உப்பளப் படத்தின் மற்ற பகுதிகள் சரியாக வரவில்லை என்ற குறை இருந்தது. மலைக்கோயில் படத்துக்கு முதல் பரிசும், உப்பளப் படத்துக்கு இரண்டாம் பரிசும் என்று முடிவாயிற்று. ரெஜின் அண்ணன் மறுக்காமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் தமிழரசனைத் தேடிப் பிடித்தார். அந்த அம்மா என்ன பேசினார் என்று கேட்டார். அந்த இளைஞர் முகம் சிவந்து, தான் கேட்கவில்லை என்றார். பார்க்க அழகாக இருந்தது, எடுத்துக்கொண்டேன் என்றார். ரெஜின் அண்ணனுக்குக் கோபம் வரவில்லை. வழியை மட்டும் விசாரித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் என்னையும் அழைத்துக்கொண்டு கோடியக்கரைக்குப் போனார். வள்ளியம்மைக்குக் கூச்சம். படம் எடுத்த தம்பி அதையெல்லாமா போட்டிருக்கிறது என்று கேட்டார். வரக்காப்பி போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு என்ன பேசினோம் என்று யோசித்தார், ஞாபகம் வரவில்லை. மீன் வாங்கினது, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டது, ஏதாவது இருக்கும் என்றார்.

"தினமும் சித்த நேரம் பேசிடுவேங்க," என்றார். "கேக்குறதுக்கு ஆள் இல்லதான். ஆனா பேசாம இருந்தா கைக்கு மறந்து போயிடும். அது லீவுல வந்து நிக்கிறப்ப அம்மா பேச்சு ஒண்ணும் புரியலன்னா என்னா பண்றது?"

நான் இதை ரெஜின் அண்ணனுக்குச் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு எழுந்து போய் வாசலில் நின்றார். அமலிக்கு அங்கே கையால் பேச யார் இருந்தார்கள் என்று அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ கேசட், அதையும் தானே நிறுத்திவிட்டதாகத் திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னார்.

அந்த மாதமே அமலிக்குப் பேசி அனுப்பினார். கேசட் காலம் போய் அப்போது சி.டி. வந்திருந்தது. கோபதாபம் எதுவும் இல்லை. மீன், மழை, யார் வீட்டில் கல்யாணம் என்று ஊர்ப் பேச்சுதான். மாதம் ஒன்று அனுப்பினார். முதல் பதில் வர ஐந்து மாதம் ஆயிற்று. அதில் அமலி கொஞ்சம் பேசினார், நிறைய அழுதார். அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு மாத லீவில் வந்தார்.

முதல் இரண்டு நாள் கஷ்டமாக இருந்ததாம். அமலி பாதியில் நிறுத்திச் சொல்லைத் தேடுவார், அண்ணன் எடுத்துக்கொடுக்க மாட்டார், காத்திருப்பார். நான் ஒரு நாள் போயிருந்தபோது இருவரும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கைகள் அவ்வளவு வேகமாகப் போயின. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அமலியின் மகள், பத்து வயதுப் பெண், அம்மாவை அதுவரை பார்க்காதவள்போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

லீவு முடிந்தது. திருச்சி விமான நிலையத்துக்கு நானும் வழியனுப்பப் போனேன். அமலி உள்ளே போன பிறகு கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். இந்தப் பக்கம் எங்களோடு ஒரு பெரிய கூட்டம். எல்லாரும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் கேட்கவில்லை என்று காதைக் காட்டினார்கள். ரெஜின் அண்ணனும் அமலியும் மட்டும் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் கையைப் பிடித்து இழுக்கும்வரை பேசினார்கள்.

பஸ்ஸில் வரும்போது அவர் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கல்லணை தாண்டியதும் என் பக்கம் திரும்பி, அவ்வளவு பேரும் அங்கே என்ன கத்தினார்கள் என்று கேட்டார்.

வேறென்ன, நேரத்துக்குச் சாப்பிடு, போய்ச் சேர்ந்ததும் சொல்லு, சீக்கிரம் வந்துடு, இதுதான் என்றேன்.

நாங்களும் அதைத்தான் பேசினோம் என்றார்.