ஓரத்துக் கொக்கி

காலையில் பெங்களூரிலிருந்து வந்து இறங்கும்போதே திருப்பதியில் காற்று. வடமாலபேட்டையில் இறங்க புத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அப்பாவிடம் கத்தினேன். "புயல் வருது நைனா, ஸ்கூலுக்குப் போயிடு."

"புது ஷீட்டு போட்ட வூடு. நான் எங்கியும் போவல."

அந்த வீட்டைப் போனிலேயே கட்டி முடித்தவன் நான். ஒருநாளும் கூரையில் ஏறிப் பார்த்ததில்லை.

நைனா பேசியதும் காதில் விழ, பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். "ஓரத்துல கொக்கி போட்டுகிறாங்களா? காத்து அங்கதான் மொதல்ல தூக்கும். நான் ஷீட்டு வேலதான் செய்றேன்."

எனக்குத் தெரியவில்லை. புத்தூர் போக வேண்டியவர் என்னோடு இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கூரை மேலே ஏறியவர், "மூணு ஷீட்டுல ஓரத்துக்குக் கொக்கியே இல்லப்பா" என்றார். கடைக்கு ஓடிக் கொக்கி வாங்கி வந்தேன். தூறலிலேயே எல்லாவற்றையும் மாட்டி முடுக்கினார்.

"இப்ப நிக்குமா?" என்றார் நைனா.

"நிக்கும். அத்த நீங்க உள்ள குந்திக்கினு பாக்க வேணாம்."

நைனா உடனே செருப்பை மாட்டினார்.

இப்போது ஸ்கூல் வராந்தாவில் இருக்கிறோம். எதிர் மாட்டுக்கொட்டகையின் கூரை பறந்துவிட்டது. இங்கிருந்து தெரியும் எங்கள் கூரை இதுவரை இருக்கிறது. நிமிஷத்துக்கொரு தரம் எழுந்து பார்க்கிறேன். நைனாவோ, அந்த ஷீட்டு வேலைக்காரர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்று போனில் விசாரிக்கிறார்.

பெற்ற அப்பாவைக் கிளப்ப முன்பின் தெரியாதவர்தான் வர வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?