பின்வாசல் டம்ளர்

நேபாளத்தில் ஒரு மடம் நடத்தும் தொழுநோயாளர் இல்லத்தில் இரண்டு மாதம் தொண்டு செய்துவிட்டு, திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தேன். மறுநாள், களையெடுக்கும் அம்மாள் டீ குடிக்கப் பின்வாசலுக்கு வந்தார்.

"நோவாளிகளுக்கு ஊட்டி உட்டீங்களாமா, சாமி?"

"ஆமா. அவங்களோட உக்காந்துதான் நானும் சாப்பிட்டேன்."

"அவங்க என்ன சாதின்னு கேக்கலீங்களா?" என்று சிரித்தார்.

அவருக்கென்று மாடத்தில் தனியாக வைத்திருக்கும் டம்ளரை எடுக்காமல், வீட்டு டம்ளரில் டீயை ஊற்றி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வேண்டாஞ்சாமி. ஆத்தா பாத்தா என்னையத்தான் வைவாங்க. நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்பாங்க."

என் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இனி இதில்தான் கொடுப்பேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேபாளத்தில் என்னை யாருக்கும் தெரியாது. யாரோடு சாப்பிட்டாலும் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. இங்கே அம்மாவின் முகம் சுருங்குவதைக்கூட என்னால் தாங்க முடியவில்லை.

டீயை அவருடைய டம்ளருக்கு மாற்றினேன். குடித்துவிட்டு அதை அவரே கழுவினார். அந்த இல்லத்தில் தினமும் எல்லோருடைய தட்டையும் கழுவிய நான், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.