கிராம சேவகருக்கு ஆறு, அம்மாவுக்கு ஐந்து

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸின் பின்புறத்தில் ஒரு கொய்யாமரம் நின்றது. அனெக்ஸ் என்றால் வேறொன்றுமில்லை. வீட்டுக்காரச் சிங்கள அம்மா, எங்களுக்கு நோனா, தனக்கு வேண்டாமென்று கழித்துவிட்ட இரண்டு அறைகள், அவற்றுக்கு அட்வான்ஸ் கொடுத்த ஒரு தமிழ்க் குடும்பம். மரமும் நோனாவுடையதுதான். தண்ணீர் ஊற்றியது என் மனைவி.

முந்திய வருடம் காய்ப்பாரம் தாங்காமல் ஒரு கொப்பு முறிந்து நோனாவின் கூரையில் விழுந்தது. நாலு ஓடுகள் போயின.

"தவ அத்தக் வெட்டுனொத் கஹ கபனவா, மஹத்தயா" என்றார் நோனா. இன்னொரு கொப்பு விழுந்தால் மரத்தைத் தறித்துவிடுவாராம். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வருடமும் மரம் விவஸ்தையில்லாமல் காய்த்தது. நான் தோட்டக்கலையைச் சாய்வு நாற்காலியில் இருந்து கற்றவன். பிஞ்சுகள் பிள்ளைகள் உருட்டி விளையாடும் போளையளவு வந்தவுடன் ஒரு பகுதியைக் கிள்ளிவிட வேண்டும் என்று படித்திருந்தேன். விவசாயப் புத்தகங்களில் இதற்கு 'ஐதாக்கல்' என்று பெயர். பூச்சி குத்தியது, கோணலானது, இரட்டையாய் ஒட்டியது முதலில் போகும். பிறகு குலைக்கு ஒன்று, கொப்பில் ஒரு சாண் இடைவெளி. இடக்கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் பிஞ்சைத் திருக வேண்டும். இழுத்தால் பட்டை உரியும். பிந்தினால் பயனில்லை, மரம் அதற்குள் களைத்துவிடும். அந்த வரியை வாசித்தபோது மரத்தின்மேல் எனக்கு ஒரு சொந்தம் உண்டாயிற்று. புறக்கோட்டையில் வேலை முடிந்து பஸ் ஏறி, வழியில் சோதனைச் சாவடிகளில் இரண்டு தரம் இறங்கி அடையாள அட்டை காட்டி, வீட்டுக்கு வரும்போது நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை ஸ்டூலில் ஏறி முதற் பிஞ்சைத் திருகினேன். மனைவி குசினிக்குள் இருந்து ஓடி வந்தாள்.

"ஐயோ, என்ன வேலை இது? அது கிராம சேவகருக்கெல்லே!"

மரத்தில் இருந்த ஒவ்வொரு பிஞ்சுக்கும் அவள் ஏற்கெனவே ஆள் வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குடியிருக்கிறோம் என்று கடிதம் தரும் கிராம சேவகர். பொலிசில் எங்கள் பதிவை எழுதுகிறவர். பொலிஸ் வீட்டுச் சோதனைக்கு வரும்போதெல்லாம் "இவை நல்ல சனம்" என்று மதிலுக்கு மேலால் சாட்சி சொல்லும் பக்கத்து வீட்டு அன்ரி.

"கிராம சேவகருக்கு எத்தினை?"

"ஆறு."

"ஆறையும் விட்டா கொப்பு முறியும். ரெண்டு குடுப்பம், பெரிசாக் குடுப்பம்."

"ரெண்டு குடுத்தா அவரும் பாதிக் கையெழுத்துத்தான் வைப்பார்."

"அப்ப மரத்தைத் தறிக்கட்டும். விறகாக் குடும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஸ்டூலுக்குக் கீழே நின்று, ஒவ்வொருவராகக் குறைத்துக்கொண்டு வந்தாள். பொலிசுக்கு நாலில் ஒன்று மிஞ்சியது. அன்ரிக்குச் சீனி வருத்தம் என்பது நல்ல வேளையாக ஞாபகம் வந்தது.

கடைசியாக, கூரைப் பக்கம் சரிந்த கொப்புக்கு வந்தேன். நுனியில் ஐந்து பிஞ்சுகள், நெருக்கமாக.

"அதில கை வையாதையுங்கோ. அது அம்மாவுக்கு."

அவளுடைய அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார். சண்டையால் பாதை பூட்டி மாதக்கணக்காயிற்று. கடிதமே எப்போதாவதுதான் வந்தது. கொய்யாப்பழம் எப்படிப் போகும்? இது எனக்குத் தெரிந்த அளவு அவளுக்கும் தெரியும். நான் ஸ்டூலை விட்டு இறங்கினேன்.

மூன்று நாள் அந்தக் கொப்பு தாழ்ந்துகொண்டே வருவதாக எனக்குப் பட்டது. வேலையால் வந்ததும் முதலில் கொப்பைப் பார்ப்பேன், பிறகு அவள் முகத்தை. நாலாம் நாள் விடிய அவளே கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, இந்த ஸ்டூலைப் பிடியுங்கோ."

ஏறி, கொப்பைப் பிடித்து, நாலைத் திருகி எடுத்தாள். "அம்மாவுக்கு ஒண்டு காணும். பல்லும் இல்லை" என்றாள்.

மற்றவர்களின் பிஞ்சுகள் குப்பைக்குப் போயின. இந்த நாலும் குசினி யன்னலில் இருந்தன. அவை கறுத்துச் சுருங்கும்வரை இருவரும் யன்னலைப் பாராமல் தேத்தண்ணி ஊற்றினோம்.

விட்ட ஒன்றை அணிலுக்குப் பயந்து பேப்பரில் சுற்றிக் கட்டினாள். தனியாக நின்றதாலோ என்னவோ, மரத்திலேயே அதுதான் பெரிதாக விளைந்தது. கிராம சேவகருடையது அதற்குக் கிட்டவும் வராது. பாதை மட்டும் திறக்கவில்லை.

ஒருநாள் நோனா பின்புறம் வந்தார். ஓடுகளை அண்ணாந்து பார்த்தார். கொப்பை ஆட்டிப் பார்த்தார். கிழிந்த பேப்பருக்குள் மஞ்சளாகத் தெரிந்த பழத்திடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"லஸ்ஸன கெடியக்" என்றார். வடிவான பழமாம்.

அது வேறொருவருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். என்னுடைய சிங்களம் பஸ் டிக்கெட்டுக்கும் அடையாள அட்டைக்கும் மட்டுமே காணும். அதற்குள் மனைவி பேப்பரை அவிழ்த்து, பழத்தைத் திருகி, "கன்ன நோனா" என்று எடுக்கச் சொல்லிச் சிரித்தபடி நீட்டினாள். நோனா அதை மணந்துகொண்டே போனார். மரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"பாதை திறந்தா என்ன செய்யிறது?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"திறக்கேக்க காய்க்க மரம் நிக்க வேணுமெல்லே" என்றாள். பேப்பரைத் தட்டி நீவி, நாலாய் மடித்து, அடுத்த காய்ப்புக்கென்று உள்ளே கொண்டு போனாள்.