மோட்டார் அறைக் கதவும் ஸ்டெல்லா வக்கீலும்

காந்திபுரத்தில் மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் வாங்கிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா வக்கீலின் குமாஸ்தா அழைத்தார். "அம்மா போயிட்டாங்க" என்றார். கோர்ட்டுக்குத்தானே என்றேன். அவர் அழுதுவிட்டார். காலையில் கறுப்புக் கோட்டை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். கெப்பாசிட்டரைக் கடையிலேயே விட்டுவிட்டு, அவர் வீடிருக்கும் மேட்டுப்பாளையத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அவரிடம் வழக்குக்குப் போய்த் திட்டு வாங்காத தோட்டக்காரர் நம்மில் யாராவது உண்டா? "எங்கிட்ட முழுசாச் சொல்லுங்க. பாதி சொன்னா பாதிதானுங்க காப்பாத்த முடியும்" என்பார். மரியாதை குறையாமல் திட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். இருவருக்கும் பாதி நாள் வாக்குவாதம்தான்.

சில வருடங்களுக்கு முன்பு என் தோட்டத்தில் ஒரே வருடத்தில் மூன்று முறை மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். போலீசில் எழுதிக்கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. வேறொரு வேலையாக அவர் அலுவலகத்துக்குப் போனவன், பெருமை தாங்காமல் சொல்லிவிட்டேன்: "இனி எவன் வர்றான்னு பாக்கறேனுங்க. நேத்துச் சாயங்காலம் மோட்டார் ரூம் இரும்புக் கதவுக்கு நேரா கரண்ட் குடுத்துப்போட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"சொன்னா ஊரு பூரா தெரிஞ்சுபோயிருமுங்களே."

"அப்ப பகல்ல?"

"மோட்டார் ஓடற த்ரீ ஃபேஸ் கரண்ட் நமக்கு ராத்திரிதானுங்களே வரும், அப்ப மோட்டார் போடறது நாந்தானுங்க. பகல்ல அது வெறும் கதவு."

"ஏனுங்ண்ணா, இன்னைக்கு இருந்து கரண்ட்டப் பகலுக்கு மாத்திப்போட்டாங்கன்னு இப்பத்தான் உங்க பக்கத்து ஊர்க்காரர் சொல்லிட்டுப் போறாருங்க!"

பகலில் கரண்ட் வந்துவிட்டால் முதல் ஆளாக மோட்டார் போடப் போகிறவர் ரங்கன். எங்கள் தோட்டத்தில் வேலை செய்பவர். போன் செய்தால் எடுக்கவில்லை. போனைத் தன் சாளைக் குடிசையில் வைத்துவிட்டுத்தான் காட்டு வேலையில் இறங்குவார். ஸ்டெல்லா அம்மணி ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். பஸ்ஸில் வந்திருந்த நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

எங்கள் நாய் மோட்டார் அறைக் கதவை ஒட்டிச் செத்துக் கிடந்தது. என்ன ஆயிற்றென்று தெரியாமல் ரங்கன் அதைத் தூக்கக் குனிந்துகொண்டிருந்தார். "ஏனுங்க, தொட்டுப்போடாதீங்க!" என்று வண்டியில் இருந்தபடியே கத்தியவர் ஸ்டெல்லா அம்மணிதான். ரங்கன் திடுக்கிட்டு இரண்டடி பின்னால் வந்தார். லைன்மேனைக் கூப்பிட்டு டிரான்ஸ்பார்மரை நிறுத்தச் சொன்னவரும் அம்மணிதான். அதுவரை ரங்கனின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

இவ்வளவு ஆன பிறகும் என் திமிர் அடங்கவில்லை பாருங்கள். "அப்ப திருடன் வந்தா ஆரத்தி எடுக்கோணுமுங்களா?" என்று கேட்டேன்.

"கத்தியோட உங்க மேல பாஞ்சா, உசுருக்குப் பயந்து திருப்பி அடிங்க. பொழுது உழுந்ததுக்கப்பறம் ஊட்டை ஒடைச்சு உள்ள வந்தாலும் சட்டம் உங்க பக்கமுங்க. அதுலயும் தேவைக்கு மேல போகக்கூடாது. ஆனா வயரை அறுக்கறவன நீங்க தடுக்கலாம், புடிக்கலாம், போலீஸ்ல குடுக்கலாம். கொல்ல முடியாதுங்க. திருட்டுக்கு ஜட்ஜே தூக்கு குடுக்க முடியாது. நீங்க யாருங்க குடுக்கறதுக்கு?"

நான் ஒரு சாக்கை எடுத்து நாயின் மேல் போர்த்தினேன்.

"கையில தடியிருந்தா, அவன் ஓடறதப் பாத்து நீங்க அடிக்கறத நிறுத்தலாம். கரண்ட்டு யாரைப் பாத்து நிக்குமுங்க?" என்றவர், சற்றுக் குரல் தாழ்த்திச் சொன்னார்: "எங்கப்பா காலம் பூரா அடுத்தவங்க தோட்டத்துல மோட்டார் போட்டவருங்ண்ணா."

மறுநாள் அவரே என்னை மின்வாரிய அலுவலகத்துக்கு அழைத்துப்போய் நடந்ததை உள்ளபடி எழுதிக்கொடுக்க வைத்தார். இணைப்பைத் துண்டித்தார்கள். தண்ணீரில்லாமல் வாழை வாடியதைப் பார்த்து அவர் மேல் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இணைப்பு திரும்பக் கிடைத்த பிறகு அறைக்குக் கம்பிக் கூண்டும் அலாரமும் வைத்தோம். அப்படியும் ஒருமுறை வயர் போயிற்று. வயிறு எரிந்தது. ஆனால் வாங்கிப் போட்டுக்கொண்டேன். வயர் கடையில் கிடைக்கிறது.

அம்மணியை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து, ஆளுக்கொரு பிடி மண் போடச் சொன்னார்கள். எனக்கு முன்னால் ரங்கன் நின்றார். அவர் மண் போட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் உள்ளங்கையிலும் ஒரு பிடி அள்ளி வைத்தார். அந்தக் கையை விரித்துப் பார்த்தேன். ரங்கனைக் கொன்ற கையாக இருந்திருக்க வேண்டியது. அப்படி ஆகாமல் பார்த்துக்கொண்டவருக்கு அந்தக் கையாலேயே மண் போட்டேன்.