கேலரிக்குக் கீழே ஐந்தாம் நாள்

அம்பத்தூரிலிருந்து ஐயப்பன்தாங்கல் வரை என்னைவிடப் பெரிய முட்டாள் ஒருவர் இருந்தால், அவரை நேரில் பார்த்து ஒரு கும்பிடு போட ஆசை. போன ஞாயிற்றுக்கிழமை மாலை, தலை நரைத்து, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை விழுங்கும் நான், என் சொந்த ஃபிளாட்டின் பாத்ரூமில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு காரியமும் இல்லாமல் சும்மா நின்றுகொண்டிருந்தேன். கூடத்தில் டிவி ஓடுகிறது. நம் ஆட்களுக்கு அவசரமாக விக்கெட் வேண்டும். நான் பார்க்காமல் இருந்தால்தான் விழும். இதை நான் நம்புகிறேன் என்று சொன்னால் பொய். நம்பவில்லை என்று சொன்னாலும் பொய்.

மகள் கதவைத் தட்டினாள்.

"அப்பா, ரொம்ப நேரமா உள்ள என்ன பண்றீங்க? வயிறு சரியில்லையா?"

"மேட்ச் பாக்கறேம்மா."

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். புரியாத பதில் வந்தால் மேற்கொண்டு கிளறக் கூடாது என்று அங்கே பழக்கியிருக்கிறார்கள் போலிருக்கிறது. போய்விட்டாள்.

அன்று காலைதான் வீட்டில் ஃபினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். ஃபினாயில் வாசனை உங்களுக்கு ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்தலாம். எனக்குச் சேப்பாக்கம் மைதானத்தை. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்போது எனக்கு மீசை அரும்பி, அது மீசைதானா என்று மற்றவர்கள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷினில் பாஸ்கர். கள்ளிக்குப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவன். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. மேனேஜர் மேஜைக்குப் பின்னால் ஒரு ரேடியோ இருந்தது. மேட்ச் நாட்களில் அது பாடும். மெஷின் சத்தத்தில் எங்களுக்கு ஒரு எழுத்தும் கேட்காது. விக்கெட் விழுந்தால் மேனேஜர் கையைத் தூக்குவார், நாங்களும் தூக்குவோம். யார் அவுட், எப்படி அவுட் என்பதெல்லாம் டீ வரும்போதுதான் தெரியும். சில சமயம் அவர் சோம்பல் முறித்ததற்கும் நாங்கள் ஆரவாரம் செய்திருக்கிறோம்.

இப்படிக் கிரிக்கெட்டைக் கையசைவில் கற்றுக்கொண்டவனுக்கு ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது. நம் அணி ஜெயிக்கும் அந்த நிமிஷத்தை ஒருமுறையாவது நேரில், என் இரண்டு கண்ணால் பார்த்துவிட வேண்டும். பெண் பார்க்கப் போனபோதுகூட மாமனாரிடம் இதைச் சொன்னேன். அதற்குப் பிறகும் அவர் பெண் கொடுத்தார் என்றால் அவர் மனசு எப்படிப்பட்டது பாருங்கள்.

சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் வந்தது. எந்த நாட்டோடு என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் செல்போனைத் தட்டி ஸ்கோரைப் பார்ப்பீர்கள், என் கதையின் மரியாதை போய்விடும். பட்டறையில் ஒரு நாள்தான் லீவு கிடைக்கும் என்றார்கள். எந்த நாள் போவது என்பதைப் பாஸ்கர் முடிவு செய்தான்.

"மொத நாளு போனா இன்னா கீது? நின்னு தட்டிக்கினே இருப்பானுங்க. அஞ்சாம் நாளு போணும் மாமே. கல்யாணத்துக்குப் போறவன் பந்தக்கால் நடுறதுக்கா போவான்? தாலி கட்றத்துக்குப் போவான்."

அவன் சொன்னது பலித்தது. ஐந்தாம் நாள் காலை நிலவரப்படி நாம் ஜெயிக்கலாம், எதிரணி சாயங்காலம் வரை நின்றுவிட்டால் டிரா. அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பெட்டி முழுக்கப் புளிசாதம் மணக்கிறது. யார் யார் மேட்சுக்குப் போகிறார்கள் என்று கேட்கவே வேண்டாம், மூக்கே சொல்லிவிட்டது.

கேலரிப் படியேறி மேலே வந்ததும் அந்தப் பச்சை! ரேடியோவில் எவ்வளவு கேட்டாலும் பச்சை கேட்காது இல்லையா. வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தேன். ஆனால் ஒரு குறை. வர்ணனையாளர் இல்லை. என்ன நடக்கிறதென்று யாரும் சொல்லவில்லை. பந்து போட்டார்கள், ஓடினார்கள், நின்றார்கள். திடீரென்று ஸ்டம்ப் ஒன்று படுத்தது, எல்லோரும் குதித்தார்கள். நான் குனிந்து தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து, டிவியில் காட்டுவதுபோல் மறுபடி காட்டுவார்கள் என்று பொறுமையாகக் காத்திருந்தேன். எங்களுக்குப் பின் வரிசையில் டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு ஒரு பெரியவர் இருந்தார். அவர் குனிந்து என் தோளைத் தட்டினார்.

"தம்பி, அது போயிடுச்சு. இன்னொரு தபா வராது."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எதிரணியின் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டார்கள். பலாப்பிசின் மாதிரி. வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசையில் எல்லோரும் பேப்பரில் தொப்பி மடித்துப் போட்டுக்கொண்டார்கள். டிரான்சிஸ்டர்காரர்தான் எங்கள் பகுதிக்கு ஜோசியர், நீதிபதி எல்லாம். "எதையாவது மாத்துங்கப்பா" என்றார். தொப்பியைத் திருப்பிப் போட்டோம். கால்மேல் போட்ட காலை மாற்றிப் போட்டோம். பாஸ்கர் ஒருத்தரோடு செருப்பையே மாற்றிக்கொண்டான். ஒன்றும் நடக்கவில்லை.

எனக்கோ குடித்த தண்ணீரெல்லாம் வழி கேட்க ஆரம்பித்தது. எழுந்து போனேன். கேலரிக்குக் கீழே நீளமான இருட்டு நடை, அதன் கோடியில் கழிப்பிடம், ஃபினாயில் நெடி. நான் போய் நின்றதும் தலைக்கு மேல் இடி இடித்தது. விக்கெட்! பாதியில் விட்டு ஓடி வரவும் முடியாத நிலைமை. மேலே வந்தால் எல்லாம் முடிந்து அடுத்தவன் ஆடிக்கொண்டிருந்தான். சரி, போகட்டும் என்று உட்கார்ந்தேன். மறுபடி வறட்சி. தண்ணீர் வாங்க இறங்கினேன். மறுபடி இடி.

திரும்பி வந்தபோது ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை. வரிசையே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. டிரான்சிஸ்டர்காரர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நீ கீழ போ."

"சார், நான் மேட்ச் பாக்க வந்தேன்."

"அத நாங்க பாத்துக்கறோம்."

பாஸ்கரைப் பார்த்தேன். நண்பன் அல்லவா, ஒரு வார்த்தை பேசுவான் என்று.

"மச்சான், நாட்டுக்கோசரம்டா. கொஞ்ச நேரந்தான். கடைசி விக்கெட்டுக்கு நானே வந்து இட்டுகினு போறேன். சத்தியமா."

நாடு கேட்கிறது, என்ன செய்வது? இறங்கினேன்.

நடையில் ஏற்கெனவே ஒருத்தர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கட்டம்போட்ட லுங்கி, பனியன் தெரிகிற சட்டை, தொப்பை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, உன்னியும் தொரத்தி வுட்டாங்களா?"

அவர் பெயர் ஏழுமலை. மாங்காட்டில் வாடகை சைக்கிள் கடை. காலையிலிருந்தே அங்கேதான் நிற்கிறாராம், முந்தைய அவசரத்தில் நான்தான் கவனிக்கவில்லை. அனுப்பியது அவருடைய மச்சான்.

"ஊட்ல டிவி பாத்தாலும் என்னிய வாசல்லதான் குந்த வெப்பான். நா உள்ள வந்தா நம்மாளு அவுட்டாவுறான், வெளிய போனா சிக்ஸர் போவுது. அதான் இங்கியும். டிக்கிட்டு வாங்கி கொட்த்து இட்டாந்ததே இங்க நிக்க வெக்கத்தான்."

"அப்போ, நான் கீழ வந்தப்ப விழுந்துச்சே, அந்த ரெண்டு விக்கெட்டு?"

"அது என்து."

"இல்லண்ணாத்தே, நான் வந்ததும்தான் விழுந்துச்சு."

"நீ வந்து நின்ன, அவ்ளோதான். நா காலீலேந்து வேல பண்ணிகினு கீறேன்."

சண்டை முற்றுவதற்குள் மேலே இன்னொரு இடி. கூரையிலிருந்து சுண்ணாம்பு எங்கள் தலையில் உதிர்ந்தது. இருவரும் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டோம். இதை ஆளுக்குப் பாதி என்று பேசித் தீர்த்தோம்.

அங்கே நிற்க நிற்க, சத்தத்தை வைத்தே ஆட்டம் தெரிய ஆரம்பித்தது. ஆயிரம் பேர் ஒன்றாக மூச்சை இழுத்தால் பந்து மட்டையின் ஓரத்தை உரசிப் போகிறது. கால்கள் சீராகத் தட்டினால் பந்து போட ஓடி வருகிறான். தட்டல் நின்றுபோனால் ஒன்றும் இல்லை. பட்டறையில் மேனேஜரின் கையைப் பார்த்துப் பழகியவனுக்கு இது பெரிய முன்னேற்றம். நடுநடுவே அவசரமாக ஓடி வருகிறவர்கள் எங்களைப் பார்த்து, "க்யூவாண்ணே?" என்பார்கள். "நீ போப்பா, நாங்க டூட்டில கீறோம்" என்பார் ஏழுமலை.

அப்படி ஓடிவந்த ஒருத்தன்தான் சொன்னான், இன்னும் ஒரே விக்கெட் என்று.

பாஸ்கர் வருவான். படிக்கட்டைப் பார்த்தேன். வரவில்லை. கடற்காற்று நடைக்குள் திரும்பியிருந்தது, வெயில் சாய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போனால் ஆட்டம் முடிந்து டிரா. பாஸ்கர் வரவில்லை.

"போய் பாரு நைனா," என்றார் ஏழுமலை. "வயசுப் புள்ள. ரெண்டு பேத்துக்கும் சேத்து நா நிக்கறேன்."

ஓடினேன். படியேறினேன். கடைசிப் படிக்கு முந்தைய படியில் தலையை நீட்டினேன். மைதானத்தின் ஒரு துண்டு தெரிந்தது. கொஞ்சம் புல், எல்லையில் ஒரு ஆள், அவன் அண்ணாந்து பார்க்கிறான். நானும் அண்ணாந்தேன். பந்து வானத்திலிருந்து இறங்கி நேராக அவன் கைக்குள் வந்து, கைக்குள்ளிருந்து வெளியே போய், புல்லில் விழுந்தது.

அந்த "அய்யோ" இருக்கிறதே, அத்தனை ஜனத்தின் தொண்டையிலிருந்தும் வந்தது, எனக்கு என்னைத் திட்டியதுபோலவே கேட்டது. நல்லவேளை, எங்கள் வரிசை என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அம்பத்தூருக்கு நான் முழுசாகத் திரும்பியிருக்கமாட்டேன். வந்த வழியே இறங்கினேன். ஏழுமலை நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார். சுவரில் சாய்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கூரை பிளந்தது.

ஏழுமலை என்னைத் தூக்கிச் சுற்றினார். தொப்பை இடித்தது. சுண்ணாம்புப் பொடியில் இருவரும் விபூதி பூசிய சாமியார்கள் மாதிரி நின்றோம். நாடு ஜெயித்த நிமிஷத்தில், ஃபினாயில் நெடியில், மூத்திரக் கோடியில், லுங்கி கட்டிய ஒரு சைக்கிள் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன். அவர் மச்சான் வந்து அவரை இழுத்துக்கொண்டு போனார். கூட்டம் படியில் வெள்ளமாக இறங்கியது. பாஸ்கரும் எங்கள் வரிசையும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "உன்னாலதான்டா!" என்று பாஸ்கர் கத்தினான். அதோடு அவன் குரல் போய்விட்டது. ரயிலில் வெறும் காற்றுதான் வந்தது. வாழ்க்கையில் அவன் வாயை மூடிக்கொண்டு வந்த ஒரே பயணம் அது.

ஏன் கூப்பிட வரவில்லை என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குக் குரல் இல்லை, மறுநாள் எனக்கு வீம்பு, அப்புறம் பழகிவிட்டது. "அந்த மேட்சை நேர்ல பாத்தீங்களா?" என்று யாராவது வியந்தால், "நேர்ல இருந்தேன்" என்பேன். கவனியுங்கள், பார்த்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்புறம் கல்யாணம், குழந்தை, ஷிப்டு. ஜெயிக்கிற நாளாகப் பார்த்து லீவு கிடைக்கவே இல்லை.

அந்தக் கேலரியை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். பட்டறை இருந்த இடத்தில் மாடி மாடியாக வீடுகள். மாங்காடு பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், வாடகை சைக்கிள் என்று ஒரு போர்டுகூட இல்லை. ராசியும் போய்விட்டது. எங்கள் மேல் வீட்டில் கேபிளில் பார்க்கிறார்கள், எங்களுக்கு இன்டர்நெட்டில் வருகிறது. எங்கள் டிவியில் பந்து போடுவதற்கு முன்பே அங்கே கத்திவிடுகிறார்கள். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே விழுந்துவிட்ட விக்கெட்டுக்காக நான் கீழே பாத்ரூமில் நிற்கிறேன். முன்பெல்லாம் ஒரே நேரத்தில், ஒரே சத்தமாக விழும்.

ஞாயிற்றுக்கிழமை பாத்ரூமிலிருந்து வெளியே வந்ததும் பாஸ்கருக்குப் போன் போட்டேன். இப்போது ஆவடியைத் தாண்டி மகன் வீட்டில் இருக்கிறான். சுகர், முழங்கால், பேரன் என்று சுற்றி வளைத்து, இத்தனை வருஷமாக அடக்கி வைத்ததைக் கேட்டேன். பேப்பரில் படம் பார்த்திருக்கிறேன், டிவியில் பழைய காட்சித் துண்டும் பார்த்திருக்கிறேன். அது வேறு யாரோ பார்த்தது. நம் சீட்டிலிருந்து, நான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்திலிருந்து, அது எப்படித் தெரிந்தது?

"டேய், அன்னிக்கு நான் கீழ நின்னேன். நீ மேல இருந்த. அந்தக் கடைசி விக்கெட் எப்படிடா விழுந்துச்சு? நீயாவது ஒழுங்கா சொல்லு."

பக்கத்தில் பேரனை அதட்டினான். இருமினான். பிறகு சொன்னான்.

"நா எங்கடா பாத்தேன், கண்ண இறுக்க மூடிக்கினு இல்ல குந்தியிருந்தேன்."