துண்டுக்குள் முடிந்த பேரம்

போன வெள்ளிக்கிழமை காதர் பாய் வீட்டில் எனக்கும் என் மனைவிக்கும் விருந்து. பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் தெருமுனை திரும்பும்போதே பிரியாணி வாசனை எதிரே வந்து வரவேற்கும். அன்றும் வந்தது.

சாப்பிட்டுக் கை கழுவினோம். மறுபடி ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம். மண் கிண்ணத்தில் சில்லென்று பிர்னி வந்தது, பாலில் அரிசி போட்டுக் காய்ச்சிய இனிப்பு.

அப்போதுதான் கவனித்தேன். பாய் தோளில் கிடந்த துண்டு மடிக்கு இறங்கியிருந்தது. அதற்குள் அவருடைய வலது கை. பிர்னி பரிமாற வந்து உட்கார்ந்தாரே அவர் மனைவி சுபைதா... அவருடைய கையும் அதே துண்டுக்குள்!

ஐம்பதைத் தாண்டிய தம்பதி. பெண்களைக் கட்டிக் கொடுத்துப் பேரன் பேத்தி எடுத்தவர்கள். விருந்தாளிகளுக்கு எதிரே இதென்ன கூத்து? நான் நாகரிகமாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். என் மனைவி நேராகத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று பாய் கத்தினார்.

"ரெண்டு!"

இரண்டு கிண்ணம் கேட்கிறாரோ என்று நினைத்தேன். பார்த்தால் சுபைதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பாய் கண்ணிலும் தண்ணீர். ஒரு பிர்னிக்கு இத்தனை அமர்க்களமா?

விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

காதர் பாய் தோல் மண்டித் தரகர். உப்புப் போட்ட ஆட்டுத் தோலைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும் — ஆடு எந்த ஊரில் மேய்ந்தது என்பது வரை சொல்லுவார். அதில் பாதி ரீல் என்பது என் அபிப்பிராயம். ஆனால் தோலின் தரத்தைச் சொல்லி அவர் தப்பு செய்ததில்லை.

மண்டியில் விலையை வாய்விட்டுப் பேசமாட்டார்கள். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். எத்தனை விரலைப் பிடித்து அழுத்துகிறாரோ அதுதான் ரேட். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இதற்குச் சட்டம் இரண்டே. பிடித்தது எத்தனை என்று வாய்விட்டுக் கேட்கக்கூடாது. துண்டுக்குள் முடிந்த பேச்சிலிருந்து பின்வாங்கக்கூடாது. பின்வாங்கினால் அப்புறம் அவனோடு யாரும் துண்டு போடமாட்டார்கள்.

பேரம் முடிந்ததும் இரண்டு பேரும் டீ குடிக்கவேண்டும். அதுவும் சீனி தூக்கலாக! வாய் இனித்தால்தான் வியாபாரம் முடிந்ததாக அர்த்தம். நல்ல வியாபாரம் நடக்கிற நாளில் பாய் வயிற்றில் எத்தனை டீ இறங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நடையா? டிராம் ஓடிய காலத்தில் ஸ்டாப் வரைக்குமாவது நடந்தார். இப்போது ரிக்‌ஷா வாசலுக்கே வந்துவிடுகிறது.

போன வருஷம் பாய்க்கு ஓயாத தாகம். ஓயாத அசதி. "ஒண்ணும் இல்ல சார், வெயிலு" என்றார். மார்கழியில் ஏது வெயில்? இழுத்துக்கொண்டு போய் ராயபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் உட்காரவைத்தேன்.

டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, பாயின் சிறுநீரில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று.

"சர்க்கரை வியாதி இன்னும் உள்ளே வரலை பாய். வாசல்ல நிக்குது. நீங்கதான் நாற்காலி போட்டுக் கூப்பிடறீங்க. சீனியை விடுங்க. சோத்தைக் குறைச்சு காய், கீரையைக் கூட்டுங்க. காலையில மூணு மைல் நடங்க. இல்லேன்னா காலு மரத்துப் போகும், கை மரத்துப் போகும், கண்ணு மங்கும்."

வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். நம்ம பாய் என்ன செய்தார் தெரியுமா? பேரம் பேசினார்!

"மூணு மைல் ஜாஸ்தி டாக்டரே. ஒண்ணுன்னு வெச்சிக்கலாம்."

"சரி, ரெண்டாவது நடங்களேன்."

"ஒண்ணரை. முடிச்சிக்கலாம்! டீயில சீனி?"

"சீனியே கூடாதுங்கறேன்."

"தொழில் பழக்கம் சார். அர ஸ்பூனு!"

டாக்டர் சிரித்துக்கொண்டே தலையில் கையை வைத்துக்கொண்டார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பாய் எழுந்துவிட்டார். படி இறங்கும்போது என் முதுகில் ஒரு தட்டு.

"பாத்தீங்களா சார்? பாதிக்குப் பாதி கொறச்சிட்டேன்!"

அந்தச் சந்தோஷத்தில் ரிக்‌ஷாவில் வீட்டுக்குப் போனார். அந்த ஒன்றரை மைலும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போயிற்று.

சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 'இன்னிக்கு ஒருநாள்தானே', 'தீபாவளி கழியட்டும்', 'பாதி லட்டுதானே'... நானும் தினம் மூன்று வேளை காப்பியில் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் குடிக்கிற ஆசாமிதான். டாக்டரிடம் ஒரு மைல் குறைத்தால் டாக்டருக்கா நஷ்டம்? துண்டுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருப்பது நம்முடைய உடம்பு ஐயா. அது கடன் சொல்லாது, தள்ளுபடியும் தராது.

சில மாதம் போயிற்று. ஒருநாள் சாயங்காலம் பாய் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கடற்கரைப் பக்கம் போய் உட்கார்ந்தோம். வெகுநேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"காலீல மண்டில துண்டு போட்டேன் சார். பெரிய பார்ட்டி. வெரல புடிக்கிறாரு... எனக்கு ஒண்ணுமே தெரியல. மூணா நாலான்னு தெரியல. வாயத் தொறந்து கேக்கவா முடியும்? தல சுத்துதுன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன்."

"டாக்டர் அன்னிக்கே சொன்னாரே பாய்..."

"கண்ணு போனாகூட இந்தத் தொழில் பண்ணிக்கலாம் சார். வெரல் போச்சுன்னா நான் இன்னாத்துக்கு? வூட்ல சொல்லிடாதீங்க. அவ தாங்கமாட்டா."

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மறுநாள் காலையில் பாய் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாமல் தடவிக்கொண்டு நின்றதை சுபைதா பார்த்துவிட்டார்.

சுபைதா யார்? பெரியமேட்டில் பேர்போன ஒரு தோல் தரகரின் மகள். சின்னப் பெண்ணாக இருக்கும்போதே தகப்பனார் விளையாட்டுப்போல் விரல் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த அம்மாள். பாய் தோளிலிருந்த துண்டை இழுத்தார். அவர் கைமேல் போட்டார். விரலைப் பிடித்தார்.

"ரேட் சொல்லுங்க."

பாய் முழித்தார். "நாலு."

சுபைதா துண்டை விலக்கிக் காட்டினார். பிடித்திருந்தது இரண்டு விரல்.

அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று பாயே பிற்பாடு என்னிடம் சொன்னார். "எங்கிட்ட மறைச்சிட்டீங்களே, எங்கிட்ட மறைச்சிட்டீங்களே" என்று சுபைதா அழுது தீர்த்திருக்கிறார். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி வந்து துண்டை விரித்தார்.

"டாக்டர்கிட்ட பேசினீங்கல்ல? இப்ப எங்கிட்ட பேசுங்க. நடக்கிறது எத்தினி மைலு?"

பாய் ஒன்று என்று ஆரம்பித்தார். சுபைதா விடவில்லை. மூன்று மைல், நாள் தவறாமல். டீயில் சீனி கிடையாது. சோறு இரண்டு கரண்டி, மற்றதெல்லாம் காய், கீரை, மீன். எல்லாம் துண்டுக்குள் முடிந்தது. பாய்க்குத் தெரியாத பிடிக்கெல்லாம் அந்த அம்மாள் துண்டைத் தூக்கிக் காட்டினார். டாக்டர் சொன்னதைக் காற்றில் விட்ட மனிதர், துண்டுக்குள் முடிந்த பேச்சை எப்படி மீறுவார்? தரகர் ஆயிற்றே!

ராயபுரம் டாக்டரிடமும் மறுபடி போனோம். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நரம்பு முழுசாத் திரும்பும்னு சொல்லமாட்டேன். இதுக்கு மேல போகாம நிறுத்திடலாம். அது என் கையில இல்லை, உங்க கையிலதான் இருக்கு" என்றார். பாய் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பேரம் பேசவில்லை.

மறுநாள் விடியற்காலை என் வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம். பாய்!

"கெளம்புங்க சார். ஜோடிக்கு நீங்களும் வரணும்னு ரேட்லயே சேத்துட்டா."

என்னைக் கேட்காமல் என்னை விற்றிருக்கிறார்கள்! சுபைதா எனக்குத் தங்கச்சி மாதிரி, அந்தச் சொல்லைத் தட்ட முடியுமா? டோல்கேட் வரை போய்த் திரும்பினோம். ஆலைச் சங்கு ஊதுகிற நேரம். டிபன் கேரியரோடு தொழிலாளிகள் எங்களை விறுவிறுவென்று தாண்டிப் போனார்கள். எதிரே வந்த மீன்கூடைக்கார அம்மாள் நின்று பாயை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா பாயி, நடந்து வர்ற? ரிக்‌ஷாக்காரன் வண்டிய வித்துட்டானா?"

"என்னியே வித்துட்டாங்கம்மா!" என்றார் பாய்.

மண்டி டீக்கடைக்காரர்தான் ரொம்ப நொந்துபோனார். "சீனி இல்லாம டீயா? இன்னா நைனா பேஜாரு பண்ற? அதுக்கு வென்னீ குடிச்சிட்டுப் போலாமே!" ஆனால் தொழில் சம்பிரதாயம் இருக்கிறதே, வாய் இனிக்கவேண்டுமே? பாய் அதற்கும் வழி கண்டுபிடித்தார். "எம் பங்கு சீனியும் அவரு டம்ளர்லயே போடு" என்று வாங்குபவரைக் காட்டிவிடுவார். இத்தனை பெரிய மனசா என்று பார்ட்டிகளுக்கு ஏக சந்தோஷம். அவர்களை யார் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

விரல் மட்டும் அப்படியே இருந்தது. மண்டியில் பாய்க்குப் பதில் அவர் தம்பி துண்டுக்குள் கைவிட்டார். பாய் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நிற்பைப் பார்க்க எனக்கு மனசு தாங்காது. நடக்கும்போது தேற்றலாம் என்று பேச்செடுப்பேன். "வுடுங்க சார், நடங்க" என்பார்.

டாக்டரின் கண்ணாடிக் குழாயில் பச்சை போய் நீலம் நின்றது. இடுப்பு பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டார். தினம் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் சுபைதா துண்டைப் போட்டு விரலைப் பிடிப்பார். பாய் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லுவார். பெரும்பாலும் தப்பு. சரியாக இருந்தாலும் குருட்டாம்போக்கு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சுபைதா துண்டை மடித்து வைத்துவிட்டுப் பரிமாறுவாராம்.

இப்போது போன வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

விருந்து நாள் ஆயிற்றே, பிர்னிக்குத் தனிப் பேரம். பாய் மூன்று ஸ்பூன் கேட்டு மனைவியின் விரலைப் பிடித்திருக்கிறார். பதிலுக்கு சுபைதா அவர் விரலைப் பிடித்திருக்கிறார்.

"ரெண்டுதான் புடிச்சா சார்!" குழந்தை மாதிரி என்னைப் பிடித்து உலுக்கினார். "ரெண்டுன்னு தெரிஞ்சிது! துண்டத் தூக்கல, குருட்டாம்போக்குல சொல்லல... சட்டுனு தெரிஞ்சிது சார்! இந்த வெரலும் இந்த வெரலும்!"

"சரியாத்தாண்ணே சொன்னாரு" என்றார் சுபைதா.

பேரத்தில் தோற்றுவிட்டு இத்தனை சந்தோஷப்பட்ட தரகரை நான் பார்த்ததில்லை. பேச்சு மாறாமல் இரண்டே ஸ்பூன் சாப்பிட்டார். மிச்சக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். நண்பன் மனசு நோகக்கூடாது என்று முழுவதையும் நானே சாப்பிட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் என் மனைவி என் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

மறுநாள் காலையில் பார்க்கிறேன் — காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் என் துண்டு, அழகாக விரித்து வைக்கப்பட்டிருக்கிறது!