தேய்த்து அழித்த கோடு

தாயில்பட்டியில் இசைவாணியைக் ‘கரண்டு டாக்டர்’ என்பார்கள். கதிர்வீச்சு சிகிச்சையை அந்தப் பக்கத்தில் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். ஆனால் அவள் டாக்டர் இல்லை. இயற்பியல் முதுகலையும், அதற்கு மேலே கதிர்வீச்சு இயற்பியலில் ஒரு படிப்பும் முடித்தவள். விருதுநகர்ப் பக்கம் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில், கதிர் எங்கே, எவ்வளவு விழவேண்டும் என்று கணக்கிடுவதும், தினமும் காலையில் எந்திரம் அந்த அளவைத்தான் தருகிறதா என்று சோதிப்பதும் அவள் வேலை. நோயாளிகள் அவளுக்குப் பெரும்பாலும் திரையில் தெரியும் படங்கள்தான்.

சண்முகத்தாயை நேரில் பார்க்க வைத்தது ஒரு மைக்கோடு.

சண்முகத்தாய் ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துகிறவள். மார்புக் கட்டியை அறுத்து எடுத்தபின் கதிர்வீச்சுக்கு வந்துகொண்டிருந்தாள். தினமும் ஒரே இடத்தில் கதிர் விழுவதற்காகத் தோலில் மையால் கோடு போட்டு அனுப்புவார்கள். மறுநாள் கோடு இருக்காது. இப்போது தோலும் உரியத் தொடங்கிவிட்டது. புண்ணானால் சிகிச்சையை நிறுத்த வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

“அங்கன தண்ணியே படக்கூடாதுன்னு சொல்லிட்டேன் மேடம். நல்லாத் தலையாட்டுது. மறுநா பளிச்சுனு வந்து நிக்குது” என்றார் எந்திரத்தை இயக்கும் அன்வர்.

இசைவாணி வராந்தாவுக்கு வந்தாள். சண்முகத்தாயின் புருஷன் காளீஸ்வரன் மடியில் இருந்த கைக்குழந்தை அம்மாவைப் பார்த்துத் தாவியது. சண்முகத்தாய் சட்டென்று எழுந்து சுவரோரமாகப் போய் நின்றாள்.

அந்த விலகல் இசைவாணிக்குப் பழக்கமானது. அவள் அம்மா ரோஜாவும் பட்டாசு ஆலையிலிருந்து வந்ததும், ஒட்டியிருக்கும் வெடிமருந்து போகத் தேங்காய் நாரால் தோல் சிவக்கத் தேய்த்துக் குளிப்பாள். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளைத் தொடுவாள், அடுப்பை நெருங்குவாள்.

“அக்கா, நார் போட்டாத் தேய்க்கிறீக?”

“பின்ன? அம்புட்டுக் கரண்ட ஏத்தி விடுறீக. பச்சப்பிள்ளைய எப்படித் தூக்க?”

“லைட்ட அணைச்சப்புறம் வெளிச்சம் செவுத்துல ஒட்டிக்கிட்டா இருக்கு? இதுவும் அப்படித்தான்க்கா.”

“எங்க ஆலை போர்மேனும் மருந்தால ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்வாரு.”

இசைவாணி உள்ளே போய்க் கதிர்வீச்சை அளக்கும் கையடக்க மீட்டரை எடுத்து வந்தாள். அதைச் சோதிப்பதற்கென்றே, லேசாகக் கதிர் வீசும் ஒரு சிறு வில்லை உண்டு. அதன்மேல் காட்டியதும் மீட்டர் சரவெடி போலப் பொரிந்தது. சண்முகத்தாய் இன்னும் ஓரடி தள்ளிப்போனாள்.

வில்லையைக் கொண்டுபோய்ப் பெட்டியில் பூட்டிவிட்டு வந்து, மீட்டரை அவள் கையிலேயே கொடுத்தாள். “நீங்களே ஒங்க மேல வச்சுப் பாருங்க.”

தோள், அக்குள், மார்பு. எப்போதாவது ஒரு டிக்.

“இந்தா, கேக்குதுல்ல!”

“அது மண்ணுல, செவுத்துல, எங்கயும் இருக்கிறது. பெஞ்சுல வைங்க.”

டிக். சுவரிலும் டிக். புருஷனின் வயிற்றில் வைத்தாள்.

“ஏ, இவரு கரண்டே வைக்காம டிக்குங்காரு!”

“போடி இவளே” என்று காளீஸ்வரன் நெளிந்தான்.

அவள் தன்மேல் இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். மீட்டரை இசைவாணியிடம் நீட்டினாள். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அன்வர் கூப்பிட்டார். “கோடு இருக்கு மேடம். ஒரு முனைதான் கலைஞ்சிருக்கு. பிள்ள எச்சி வடிச்சிருச்சாம்.”

முனை எங்கே வரவேண்டும் என்று இசைவாணி அளந்து சொன்னாள். அந்த முனைக்கு மட்டும் மை வைத்தார்கள்.